கரண்ட் போனாலும் கலையாத கணக்கு

அட்-பாஷி,
அக்டோபர் 14

கொழுந்தியா ஜிபெக்குக்கு,

நலம். நீயும் நலமாத்தான் இருப்ப. இதை நானா விரும்பி எழுதலை. உங்க அக்கா அனாரா, "என் தங்கச்சிக்கு ரெண்டு வரி எழுதற வரைக்கும் உங்க சூப்பை நீங்களே வெச்சுக்குங்க"ன்னு சொல்லிட்டா. மூணு நாளா ரொட்டியும் டீயுமா ஓடுது.

போன்ல பேசலாமேன்னு கேப்ப. போன்ல நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள நீ நாலு சொல்லுவ. காகிதத்துல குறுக்க பாய முடியாது பாரு. கடைசி வரைக்கும் படிச்சுத்தான் தீரணும்.

ஜூன்ல நடந்ததை நான் மறக்கலை. மாமனாரோட எழுபதாம் வயசு விருந்து. ஆட்டுத் தலையை எனக்கு முன்னாடி வெச்சு மரியாதை பண்ற நேரம். அப்பப் பார்த்து, எங்க தேன் சங்கத்தோட கணக்கைக் கம்ப்யூட்டர்ல எட்டிப் பார்த்துட்டு, "அத்தான், இதைக் கணக்குன்னு சொன்னா உங்க தேனீக்கே சிரிப்பு வரும்"னு அத்தனை பேர் முன்னாடி சொன்ன. எங்க சங்கத்து ஒஸ்மோனாலி சிரிச்ச சிரிப்புல அவன் வாய்க்கறி என் சட்டையில விழுந்துச்சு. புதுச் சட்டை.

போகட்டும். இப்ப விஷயம் என்னன்னா, அந்தக் கணக்கு படுத்துடுச்சு.

சங்கத்துல அறுபது பேருக்கு மேல இருக்கோம். எல்லார் தேனையும் ஒரே கிடங்குல சேர்த்து பிஷ்கெக்ல வித்து, அவங்கவங்க பங்கைக் கொடுக்கறோம். கட்டம் கட்டமா கோடு போட்ட அந்தக் கோப்பு என்கிட்ட ஒண்ணு, கணக்கு எழுதற சபிராகிட்ட ஒண்ணு, கிடங்குக்காரன்கிட்ட ஒண்ணு. செப்டம்பர்ல நான் தட்டிட்டிருக்கும்போதே காத்துல கம்பி அறுந்து கரண்ட் போச்சு. வந்தப்புறம் திறந்தா பாதி கட்டத்துல புழு நெளியற மாதிரி எழுத்து. சரி, சபிராவோடதைப் பார்ப்போம்னா அதுல ஒஸ்மோனாலி தேன் பதினோரு கேன். கிடங்குக்காரனோடதுல ஒன்பது.

"மீதி ரெண்டு கேனை நீ நக்கினியா, உன் கம்ப்யூட்டர் நக்கிச்சா?"ன்னு அவன் சந்தையில நின்னு கேக்கறான். அவனோட இன்னும் இருபது பேர் சேர்ந்துட்டாங்க. பிப்ரவரி கூட்டத்துக்குள்ள சரியான ஏற்பாடு பண்ணலேன்னா, ஆளாளுக்குப் பிரிஞ்சு வியாபாரிகிட்டயே போறாங்களாம். அவன் பாதி விலைதான் தருவான். அவங்களுக்கும் தெரியும். கோவம் வந்தா மனுஷனுக்குக் கணக்கு தெரியறதில்லை.

அல்மாட்டியில இருந்து தௌரேன்னு ஒருத்தன் ஒரு கம்பெனி சார்பா வந்து, மாசச் சந்தாவுல ஏதோ பெரிய ஏற்பாட்டைக் காட்டிட்டுப் போனான். நீ பேங்க்ல இதே வேலைதான் பார்க்கறியாமே. எது நம்பகம்னு சொல்லு. பணிஞ்சு கேக்கலை. கேக்கறேன், அவ்வளவுதான்.

ஷாயிர்பெக் டாக்சியில இதையும் ஒரு ஜாடி வெள்ளைத் தேனையும் அனுப்பறேன். தேன் அனாரா கொடுத்தது. நான் இல்லை.

பெக்துர்


பிஷ்கெக்,
அக்டோபர் 22

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்துச் சிரித்ததில், என்ன ஆயிற்று என்று பக்கத்து மேசைக்காரி தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள். ஜூன் மாதம் நான் சொன்ன வார்த்தைக்கு நான் பொறுப்பு. கறிக்கு ஒஸ்மோனாலிதான் பொறுப்பு.

முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிற ஒரு கதை. உங்களுக்கு வேண்டியது ஒரே இடத்தில் இருக்கிற ஒரே கணக்கு. எத்தனை பேர் எழுதினாலும் அதில்தான் எழுத வேண்டும். இதற்குப் பெயர் தரவுத்தளம். பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், நான் வைத்ததில்லை.

ஒஸ்மோனாலி தேன் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் தேன் கூட வேண்டும், அவர் பெயரிலும் ஏற வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரே வேலை. நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது. நடுவில் கரண்ட் போனால், அந்த அரைகுறையை உதறிவிட்டு, அதற்கு முந்தின கணம் எப்படி இருந்ததோ அப்படியே எழுந்து நிற்கத் தெரிய வேண்டும். நல்ல தரவுத்தளத்துக்கு முதல் அடையாளம் இதுதான். அழகெல்லாம் அப்புறம்.

எது வாங்கலாம் என்று சொல்லும் முன் எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். ஒரே சமயத்தில் எத்தனை பேர் எழுதுவீர்கள்? குளிர்காலத்தில் கரண்ட் எப்படி? நெட் எப்படி? அந்தக் கம்ப்யூட்டர் நாளைக்கே தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்? வெட்கப்படாமல் உண்மையை எழுதுங்கள்.

தேனுக்கு அக்காவிடம் நன்றி சொல்லுங்கள். மூடியைச் சுற்றி நூல் கட்டியிருக்கும் லட்சணத்தைப் பார்த்தால் கட்டியது அக்கா இல்லை என்று தெரிகிறது.

ஜிபெக்


அட்-பாஷி,
நவம்பர் 5

கொழுந்தியாளுக்கு,

நூல் கட்டறதுல கூடக் குத்தம் கண்டுபிடிக்கற ஆளு நீதான்.

நீ கேட்டதுக்குப் பதில். எழுதறது நாங்க மூணு பேர். ஆகஸ்டுல தேன் எடுக்கற சமயம் மூணு பேரும் ஒரே நேரத்துல எழுதுவோம், ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டே. கரண்ட், கம்பியில பனி உக்காந்தா போகும், காத்தடிச்சாலும் போகும். ரெண்டும் இல்லாத நாள்ல சும்மாவும் போகும். நெட்டுக்கு எங்க ஊர்க் காத்துன்னாலே பயம். தீப்பிடிச்சா என்ன பண்ணுவேன்னு கேட்ட. பிடிச்சா அணைப்பேன். வேற என்ன பண்றது?

ஆனா ஒண்ணு சொல்றேன். எனக்கு அந்தத் தௌரேன் கொண்டுவந்ததுதான் பிடிச்சிருக்கு. நேத்து மறுபடி வந்து காட்டினான். ஒவ்வொருத்தர் பேரைத் தொட்டாலும் வட்டம் வட்டமா கலர் படம் வருது. மஞ்சள்ல தேன், பச்சையில பணம். சங்கத்து ஆளுங்க வாயைப் பொளந்துட்டுப் பார்த்தாங்க. ஒஸ்மோனாலி தன்னோட வட்டம் பக்கத்து வீட்டுக்காரன் வட்டத்தை விடப் பெருசா இருக்கறதைப் பார்த்ததும் முதல் முறையா சிரிச்சான்.

நீ எதைச் சொல்லப் போறேன்னு அனாரா போன்ல கேட்டுச் சொன்னா. இலவசமாம், படம் இல்லையாம், முப்பது வருஷப் பழசாம். தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்பாங்க. நான் பார்ப்பேன். சும்மா கிடைக்கறதை வாங்கிட்டு வந்து கூட்டத்துல வெச்சா, கஞ்சப்பய கொழுந்தியாகிட்ட ஓசியில வாங்கினான்னு என்னைத்தான் சிரிப்பாங்க. ஒரு தடவை சிரிச்சது போதாதா?

பெக்துர்


பிஷ்கெக்,
நவம்பர் 13

அத்தான்,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதினேன். முதலில் எழுதியதை அனுப்பியிருந்தால் அக்கா என்னோடும் பேசாமல் போயிருப்பாள்.

பழசு என்கிறீர்கள். ஆமாம், பழசுதான். முப்பது வருடமாக உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் அதை உடைத்துப் பார்த்து, உடைந்த இடத்தையெல்லாம் சரி செய்து வைத்திருக்கிறார்கள். ஓசி என்கிறீர்கள். அதற்கு ஒரு முதலாளி இல்லை. அதனால் கம்பெனியை மூடிவிட்டார்கள், சந்தாவை ஏற்றிவிட்டார்கள் என்கிற பேச்சே இல்லை. நாளைக்கே நான் பஸ்ஸில் அடிபட்டுப் போனால்கூட, இந்த ஊரில் அதைத் தெரிந்த நூறு பேர் இருக்கிறார்கள். உங்கள் கணக்கை எப்போது வேண்டுமானாலும் சாதாரண எழுத்தாக வெளியே எடுத்து வேறு எதற்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டாம். நெட்டும் வேண்டாம். கிடங்கிலேயே ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும், நீங்கள் மூவரும் அங்கேயே கம்பி வழியாக எழுதலாம்.

தௌரேன் காட்டுவது மோசமானது என்று நான் சொல்லவில்லை. அது ஓட நெட் வேண்டும்; நெட் தடையில்லாமல் வருகிற ஊராக இருந்தால் நானே அதை வாங்கச் சொல்வேன்.

வட்டம் அழகாக இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். நீங்கள் குதிரை வாங்கினால் சேணத்தையா பார்ப்பீர்கள்? மேட்டில் ஏற்றிப் பார்க்க மாட்டீர்களா? இதையும் அப்படியே செய்யுங்கள். கூட்டத்தில் எல்லோர் கண் முன்னாலும் இரண்டையும் ஓட விடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். எது சொன்ன சொல்லோடு எழுந்து வருகிறதோ அதை வாங்குங்கள்.

நான் தோற்றால் அடுத்த விருந்தில் எழுந்து நின்று, என் அத்தான்தான் கெட்டிக்காரர் என்று சொல்கிறேன். சம்மதமா?

ஜிபெக்


அட்-பாஷி,
ஜனவரி 17

கொழுந்தியாளுக்கு,

சம்மதம்னு நான் சொன்னதுமே நீ பெட்டியை அனுப்பிடுவேன்னு நினைக்கலை. ஞாயித்துக்கிழமை எல்லாம் உக்காந்து செஞ்சியாமே, அனாரா சொன்னா. வந்து சேர்ந்த கதையைக் கேளு. டோலோன் கணவாய் பனியில மூடிக்கிச்சு. ஷாயிர்பெக் பெட்டியைத் தன் கம்பளியில சுத்தி, முன் சீட்டுல குழந்தை மாதிரி உக்கார வெச்சுட்டு, காசு கொடுத்த பயணியைப் பின் சீட்டுல ஒரு ஆட்டுப் பக்கத்துல தள்ளிட்டான். அந்த ஆளு இன்னும் என்னைப் பார்த்தா வணக்கம் சொல்றதில்லை.

சபிராவுக்கும் பெட்டிக்கும் முதல் வாரம் பெரிய சண்டை. ஒருத்தனுக்கு அவன் கணக்குல இருக்கறதை விட அதிகமா கொடுத்ததா எழுதப் பார்த்தா, விடலை. எழுதினதை அழிக்கப் பார்த்தா, அதுக்கும் விடலை. தப்பா எழுதினா எதிர் வரி போட்டுத்தான் சரி பண்ணணுமாம், யார் எப்ப எழுதினாங்கன்னும் கூடவே பதிஞ்சுக்குது. "இது என்ன பெட்டியா, என் மாமியாரா?"ன்னு கத்தினா. ரெண்டாவது வாரம் அதுக்கு ஒரு பூத்துணி போர்வை தைச்சுப் போட்டுட்டா. இப்ப நான் பக்கத்துல டீ வெச்சாலே திட்டறா.

எல்லாரையும் எடைச்சீட்டோட கூப்பிட்டு, முதல்ல இருந்து எழுதிட்டோம். ஒஸ்மோனாலி தேன் பதினோரு கேன்தான். அவன் சொன்னது சரி. அதை அவன்கிட்ட நான் சொன்னேன். இப்ப அவன் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கான். ஆனா இன்னும் நம்பலை; அதிசயமா, பெட்டி வந்ததுல இருந்து கரண்ட் ஒரு தடவையும் போகலை. "இன்னிக்கு சரியாச் சொல்லுது, நாளைக்குக் கரண்ட் போனா?"ங்கறான்.

கூட்டம் பிப்ரவரி எட்டு. தௌரேனும் வர்றான். சோதனைக்கு அவனும் ஒத்துக்கிட்டான், நல்ல பையன்.

பெக்துர்


பிஷ்கெக்,
ஜனவரி 26

அத்தான்,

பூத்துணிப் போர்வையைப் பெட்டி மேல் போடாதீர்கள், சூடேறிவிடும். சபிராவின் மனம் நோகாமல் சொல்லுங்கள்.

தினமும் சாயங்காலம் கணக்கின் நகலை எடுத்து அக்கா வீட்டுச் சமையலறையில் வைக்கச் சொன்னேனே, அந்த நகலைப் பழைய கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்த்தீர்களா? திறந்து பார்க்காத நகலை நான் நகல் என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கூட்டத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பேங்கில் இதைவிட ஆயிரம் மடங்கு பெரிய கணக்கைப் பார்க்கிறேன், பயந்ததில்லை. அங்கே தப்பு நடந்தால் யாரோ திட்டுவார்கள். இங்கே சங்கமே கலைந்துபோகும், அக்கா வீட்டு வாசலில் நீங்கள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். சோதனையில் தோற்றால் தயங்காமல் தௌரேனிடம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கோபித்துக்கொள்வேன். ஆனாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜிபெக்


அட்-பாஷி,
பிப்ரவரி 9

ஜிபெக் கண்ணு,

நேத்து நடந்ததை வரிசையாச் சொல்றேன், பொறுமையாப் படி.

பள்ளிக்கூட ஹால்ல கூட்டம். வெளியில காத்து ஊளையிடுது. முதல்ல தௌரேன். தன் கம்ப்யூட்டரைத் திறந்தான், நெட் இல்லை. திரையில ஒரு வட்டம் மட்டும் சுத்துது. நாங்க டீ குடிச்சோம். சுத்துது. எண்ணெயில பொரிச்ச பூர்சோக் தின்னோம். அப்பவும் சுத்துது. "இதானா என் வட்டம்?"னு ஒஸ்மோனாலி கேட்டான். தௌரேன் பாவம், "எங்க ஊர்ல வெச்சு ஓட்டினா நல்லா ஓடுங்க"ன்னான். "எங்க தேனீ இங்கதானேப்பா இருக்கு"ன்னு யாரோ சொல்ல, அவனே சிரிச்சுட்டான்.

அடுத்து உன் பெட்டி. ஒஸ்மோனாலி பேர்ல அஞ்சு கேன் வந்ததா சபிரா எழுத ஆரம்பிச்சா. பிளக்கை நான்தான் பிடுங்குவேன்னு ஒஸ்மோனாலி அடம். அவன் பிடுங்கின வேகத்துல சுவத்துல இருந்த பிளக் போர்டே கையோட வந்துடுச்சு. அப்புறம் சமையல்கூடத்துல இருந்து ஒயர் இழுத்து மறுபடி உயிர் கொடுத்தோம்.

பெட்டியில விளக்கு எரிஞ்சுது. ஆனா சபிரா திரையில 'இணைக்க முடியவில்லை'ன்னு வருது. எத்தனை தடவை தட்டினாலும் அதேதான்.

ஒஸ்மோனாலி எழுந்தான். "என் ரெண்டு கேன் பத்தாதுன்னு இப்ப எல்லாரோடதையும் முழுங்கிடுச்சா?" அவன் ஆளுங்க தொப்பியை எடுத்து மாட்டிக்க ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு என்ன வந்துச்சோ தெரியலை, கதவுல போய் குறுக்க நின்னேன். "உக்காருங்கடா! என் கொழுந்தியா செஞ்சது அது. அவ வாய் மோசம், வேலை மோசமில்லை"ன்னு கத்திட்டேன். அப்பத்தான் உனக்குப் போன் போட்டேன்.

எடுத்தது ஒரு ஆம்பிளை. "ஜிபெக் இப்பப் பேச முடியாதுங்க, வாயைத் திறந்து வெச்சிருக்காங்க"ன்னான். "அவ வாய் எப்பவும் திறந்துதான் இருக்கும், அப்பவும் பேசுவாளே"ன்னேன். அந்தாளு சிரிச்சுட்டு, "எழுதிக் காட்டறாங்க, நான் படிக்கறேன், சொல்லுங்க"ன்னான். எழுத்தெழுத்தா அவன் சொல்ல, நான் கத்த, சபிரா தட்ட, கடைசி எழுத்தைத் தட்டினதும் திரை வந்துடுச்சு.

எல்லாம் இருந்துச்சு, ஜிபெக். ஒவ்வொருத்தர் பேரும், ஒவ்வொரு கேனும். பாதியில நின்ன அந்த அஞ்சு கேன் மட்டும் கிடங்குலயும் இல்லை, ஒஸ்மோனாலி பேர்லயும் இல்லை. அவன் மூக்கு திரையில முட்டற மாதிரி குனிஞ்சு பார்த்தான். "என் பதினொண்ணு அப்படியே இருக்கு. வராத அஞ்சைச் சேர்க்கவும் இல்லை"ன்னான். தொப்பியைக் கழட்டிட்டு உக்காந்தான். அவன் உக்காந்தா அந்த இருபது பேரும் உக்காந்தாச்சு.

கை தூக்கச் சொன்னேன். எல்லாரும் தூக்கினாங்க. சங்கத்துல இல்லேங்கறதை மறந்து தௌரேனும் தூக்கிட்டான். போகும்போது ரெண்டு கேன் தேன் வாங்கிட்டுப் போனான்.

ஜூன்ல நீ சொன்னது சரிதான். என் தேனீ சிரிச்சுத்தான் இருக்கும். எப்ப வர்ற?

பெக்துர் அத்தான்


பிஷ்கெக்,
பிப்ரவரி 18

அன்புள்ள அத்தான்,

தவறு என்னுடையதுதான். கரண்ட் வந்ததும் தானாகவே வேலையைத் தொடங்க வேண்டும் என்று பெட்டிக்கு ஒரே ஒரு வரி சொல்லி வைக்க மறந்துவிட்டேன். கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுப்ப ஆளில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வரியை இப்போது சபிராவிடம் சொல்லி எழுதிவிட்டேன். நீங்களும் இரண்டு மூன்று முறை பிடுங்கிப் பாருங்கள். ஒஸ்மோனாலியைக் கூப்பிடாதீர்கள், சுவர் தாங்காது.

நீங்கள் கதவில் நின்று கத்தியதை அக்கா எனக்குப் போனில் நடித்தே காட்டினாள். இன்னொரு முறை நடிக்கச் சொல்லிக் கேட்டேன்.

போனில் பேசியவர் என் பல் டாக்டர். எர்மெக் என்று பெயர். கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டு, வாயில் பஞ்சு அடைத்திருந்த நேரம் பார்த்து நீங்கள் கூப்பிட்டீர்கள். கையில் கிடைத்த எக்ஸ்ரே உறையின் மேல் எழுதிக் காட்டினேன். அவர் ஒரு எழுத்துக்கூடத் தப்பாகப் படிக்கவில்லை. இது சாதாரண விஷயமில்லை, அத்தான். பேங்கில் எனக்குக் கீழே இருக்கிறவர்களுக்கே அது வராது.

அடுத்த முறை போனபோது, என் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால், "உங்க பெட்டி எழுந்துச்சா?" என்று கேட்டார். எழுந்தது என்றதும் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். நன்றிக்கு நம் தேன் ஒரு ஜாடி கொடுத்தேன். "ஊர்ல எல்லாருக்கும் கொடுங்க, என் தொழில் நல்லா நடக்கும்" என்றார். மற்றபடி இங்கே விசேஷம் எதுவும் இல்லை.

ஜிபெக்


அட்-பாஷி,
ஏப்ரல் 20

ஜிபெக் கண்ணு,

பனி உருகிடுச்சு. தேன்பெட்டிகளை வெளிய எடுத்து வெச்சாச்சு. பக்கத்துப் பள்ளத்தாக்குல இருந்து எட்டு பேர் வந்து சங்கத்துல சேர்ந்திருக்காங்க. அவங்களைக் கூட்டிட்டு வந்தது யாருன்னு நினைக்கற? ஒஸ்மோனாலி. வர்றவங்களுக்கெல்லாம் பெட்டியைக் காட்டி, "பிடுங்கிப் பாருங்க, பயப்படாதீங்க"ங்கறான். சபிரா கையில துடைப்பத்தோட காவல் இருக்கா.

நேத்துக் கூட்டத்துல உனக்கு ஒரு தேனீக்கூட்டம் கொடுக்கறதா முடிவாச்சு. உயிரோட இருக்கற தேனீ, நீல நிறப் பெட்டி, உன் பேர் எழுதியிருக்கு. எங்க வீட்டுக்குப் பின்னாடி ஆத்தோரமா வெச்சிருக்கேன். உறுப்பினர் கணக்குலயும் உன் பேரை ஏத்தியாச்சு, இனி அழிக்கவும் முடியாது. நீ செஞ்ச சட்டம்தானே. தன் தேனீயைத் தானே வந்து பார்த்துக்கணுங்கறது சங்கத்து விதி.

இன்னொரு விஷயம். போன கடிதத்துல பெட்டியைப் பத்தி ஒரு பத்தி எழுதியிருந்த. பல் டாக்டரைப் பத்தி ரெண்டு பத்தி. "விசேஷம் எதுவும் இல்லை"ன்னு வேற முடிச்சிருந்த. நான் ஒண்ணும் கேக்கலை. அனாராதான் கேக்கச் சொன்னா.

பெக்துர் அத்தான்


பிஷ்கெக்,
மே 4

அன்புள்ள அத்தான்,

எனக்குத் தேனீ என்றால் பயம் என்று உங்களுக்கு யாரும் சொன்னதில்லையா? தேன் சங்கத் தலைவரின் கொழுந்தியாளாக இருந்துகொண்டு இத்தனை வருடம் மறைத்துவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் ஜன்னலைச் சாத்தினேன், பிறகு அழுதேன், பிறகு மேலாளரிடம் போய் இரண்டு வாரம் விடுப்புக் கேட்டேன். காரணம் என்ன என்றார். என் தேனீக்கள் காத்திருக்கின்றன என்றேன். பன்னிரண்டு வருடத்தில் அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

அக்கா கேட்கச் சொன்னதற்குப் பதில்: ஆமாம்.

சனிக்கிழமை மதியம் ஷாயிர்பெக் வண்டியில் வருகிறோம். இரண்டு பேராக. அவருக்குத் தேனீயிடம் பயமில்லை, உங்களிடம்தான் பயம். கூட்டத்தன்று எழுத்தெழுத்தாக நீங்கள் கத்திய குரலைப் போனில் கேட்டிருக்கிறார் அல்லவா. கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்.

அக்காவிடம் மட்டும் சொல்லுங்கள். ஊருக்குத் தெரிய வேண்டாம், நாங்களே வந்து சொல்லிக்கொள்கிறோம்.

ஜிபெக்


அட்-பாஷி,
மே 8

ஜிபெக் கண்ணு,

ஷாயிர்பெக் கிளம்பப் போறான், அவசரத்துல எழுதறேன். நீ சொன்ன மாதிரி நான் யார்கிட்டயும் சொல்லலை. அனாராகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவ ஒரு ஆட்டுக்குச் சொல்லி அனுப்பினா. ஆட்டுக்காரன் எதுக்குன்னு கேட்டான். சபிரா மாவு இரவல் கொடுக்க வந்தவ, எதுக்குன்னு கேட்டா. உங்க அப்பா புதுத் தொப்பி போட்டுட்டுக் காலையில இருந்து பாதையைப் பார்த்துட்டு நிக்கறார், சனிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குன்னு சொன்னாலும் கேக்கலை.

மாப்பிள்ளைகிட்டச் சொல்லு, பயப்பட வேண்டாம், நான் மெதுவாத்தான் பேசுவேன். ஆனா சாமானெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லு. டாக்டர் வர்றார்னு கேள்விப்பட்டு, இப்பவே நம்ம வாசல்ல ஆறு பேர் தாடையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்காங்க. முதல் ஆளு ஒஸ்மோனாலி.

பெக்துர் அத்தான்